முத்திரை உள்ள காலை வணக்கம்

தன் கணவர் திருந்திவிட்டாரோ என்ற சந்தேகம் ஜெசிந்தா மச்சாதுவுக்கு வந்து நான்கு மாதமாகிறது. இருபத்தொரு வருஷத் தாம்பத்தியத்தில் கல்யாண நாளை ஒரு தடவைகூட ஞாபகம் வைத்திராதவர் ரோச். சரக்குக் கப்பலில் இரண்டாம் எஞ்சினியர். கடலிலிருந்து அவர் பேசும்போது வருவதெல்லாம் மூன்று கேள்விதான்: கரன்ட் இருக்கா, மோட்டார் ஓடுதா, உங்க அம்மா கிளம்பியாச்சா.

அப்படிப்பட்டவரிடமிருந்து இப்போது தினமும் காலை ஏழு பத்துக்குச் செய்தி வந்தது. ‘காலை வணக்கம், ஜெசி. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இன்று கடல் அமைதியாக இருக்கிறது. உன்னை நினைத்துக்கொண்டேன்.’ ஒரு எழுத்துப் பிழை கிடையாது. கல்யாணப் பத்திரிகைக்கு எழுதிக் கொடுத்தபோது மாமனார் பெயரையே தப்பாக எழுதியவர் அவர். செய்தியின் ஓரத்தில் பச்சை நிற முத்திரை மின்னியது: ‘மூன்று சோதனையிலும் தேறியது. அனுப்பியவர் அசல்.’

ஜெசிந்தா வேறு யாராவதாக இருந்திருந்தால் சந்தேகப்பட்டிருக்கலாம். அவள் தூத்துக்குடி மாவட்டப் பெயர்க்களப் பாதுகாப்பு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். பச்சை முத்திரையைச் சந்தேகிப்பது அவளுக்குச் சர்ச்சில் நின்றுகொண்டு சாமியைச் சந்தேகிப்பது மாதிரி. ஆகவே, கடல் மனிதனை மாற்றும் என்று முடிவு செய்துகொண்டு ஒரு நல்ல தைலமும் வாங்கினாள்.

அந்த அலுவலகம் ஏன் வந்தது என்பது ஊருக்கெல்லாம் தெரிந்த கதை. பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்பு, யார் குரலிலும் யார் முகத்திலும் யார் வேண்டுமானாலும் பேசலாம் என்றொரு காலம் இருந்தது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஒரே சமயத்தில் பதினோரு கூட்டங்களில் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பதினோரு ஆட்சியர்களில் இரண்டு பேர் அசலைவிட நன்றாக நிர்வாகம் செய்தார்கள் என்றும் ஒரு பேச்சு உண்டு. அதன் பிறகுதான் சட்டம் வந்தது. ஒவ்வொரு குடிமகனுக்கும் ஒரு பெயர்க்களம். கடிதமோ போனோ, நேருக்கு நேர் இல்லாமல் அவர் பெயரில் போகும் எந்தப் பேச்சும் அவருடைய களத்தின் பதிவுகளோடு ஒத்துப்போக வேண்டும்.

துணை இயக்குநர் திருவாழியப்பனுக்கு இந்தச் சட்டத்தில் பிடித்தது ஒரே ஒரு சொல்: நிராகரி. மாவட்டத்திலுள்ள எல்லாப் பெயர்க்களங்களையும் அந்தச் சொல்லுக்கு மாற்றிவிட்டால் மாநில விருது. வருகிற வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து செயலாளர் வருகிறார். பந்தல்காரருக்குச் சொல்லியாகிவிட்டது. செயலாளருக்குப் பிடித்த மக்ரூன் எந்தக் கடையில் நயம் என்று தனியாக ஒரு கோப்பு ஓடிக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை கவுன்டரில் ஒரு பெண் வந்து நின்றாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் ஒரு மனு.

“மேடம், எம்பேரு முத்துக்கனி. எங்க வீட்டுக்காரர் தங்கபாண்டி, கப்பல்ல ஆயில்மேன். அவர் பேர்ல யாரோ எனக்கு மெசேஜ் போடுதாவ.”

ஜெசிந்தா திரையில் தட்டிப் பார்த்தாள். “எல்லாம் பச்சையாத்தான இருக்கு? மூணு சோதனையிலயும் தேறியிருக்கு.”

“அது என்ன மேடம் மூணு சோதன?”

இந்த விளக்கத்தை ஜெசிந்தா தூக்கத்தில்கூடச் சொல்வாள். “இங்க பாரும்மா. அந்தக் காலத்துல ஈமெயிலுக்குன்னு இஞ்சினியருங்க கண்டுபிடிச்சதுதான், இப்ப மனுசனுக்கு வச்சிருக்கோம். முத சோதன, பட்டியல். உன் புருசன் பேர்ல எந்தெந்த இடத்துலேருந்து பேச்சு வரலாம்னு அவரே குடுத்த பட்டியல். ரெண்டாவது, முத்திர. வழியில யாரும் ஒரு வார்த்தய மாத்தலன்னு அது சொல்லும். மூணாவது, மேல போட்டிருக்க பேரும் இந்த ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பொருந்துதான்னு பாக்கது.”

“பொருந்தலன்னா?”

“அதுக்கு மூணு உத்தரவு இருக்கு. விடு, ஒதுக்கு, நிராகரி. விடுன்னா போலின்னு எச்சரிச்சிட்டு உள்ள விட்டுரும். ஒதுக்குன்னா தனியா எடுத்து வைக்கும். நிராகரின்னா வாசல்லயே அழிச்சிரும். நாம எல்லாரையும் நிராகரிக்கு மாத்தியாச்சு. உன் புருசன் பேர எவனும் திருட முடியாது.”

“திருடிட்டானே மேடம்.”

“எப்படிச் சொல்லுத?”

முத்துக்கனி கொஞ்சம் கூச்சப்பட்டாள். “அன்பா பேசுதாரு.”

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஜெசிந்தாவும் சிரித்திருப்பாள். ஆனால் முத்துக்கனி போனை நீட்டிவிட்டாள்.

“இதப் பாருங்க. ‘காலை வணக்கம், கனி. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?’ நாலு மாசமா கேக்காரு. எனக்கு எந்த முழங்காலும் வலிக்கல மேடம். ஏழு தெரு நடந்து தண்ணி எடுக்கேன்.”

ஜெசிந்தா அந்தச் செய்தியை மேலிருந்து கீழ்வரை படித்தாள். கடல் அமைதியாக இருந்தது. உன்னை நினைத்துக்கொண்டேன் என்றது. கனி என்ற இரண்டெழுத்தைத் தவிர மிச்சமெல்லாம் அன்று காலை ஏழு பத்துக்கு அவள் தன் படுக்கையில் உட்கார்ந்து படித்தது.

“உங்க வீட்டுக்காரர் எந்தக் கப்பல்?”

“சாகர சுபம்.”

ரோச்சின் கப்பலும் அதுதான்.

கவுன்டரை மூடிவிட்டு முத்துக்கனியை உள்ளே கூட்டிப் போய் உட்கார வைத்தாள். உள்ளூர ஆறாத எரிச்சல். மோசடி என்பதைவிட, தன் முழங்காலை இன்னொருத்தியோடு பங்கு போட்டுவிட்டார்களே என்பதுதான் முதலில் உறைத்தது. வெட்கமாக இருந்தது, அதற்காக விசாரணையை நிறுத்த முடியாது.

ரோச்சின் களத்தைத் திறந்தாள். காலை வணக்கங்கள் எல்லாம் கப்பலிலிருந்து வரவில்லை. கம்பெனியின் மும்பை அலுவலகத்திலிருந்து வந்திருந்தன. அந்த அலுவலகம் ரோச்சின் பட்டியலிலேயே இருந்தது. கப்பலேறும்போது சொந்த போன்களைக் கம்பெனி வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்ளும் என்பது அவளுக்குத் தெரியும். ஒப்பந்தத்தின் முப்பத்தோராம் பக்கத்தில், ‘ஊழியரின் பெயரில் குடும்ப நலச் செய்திகள் அனுப்பக் கம்பெனிக்கு அதிகாரம் அளிக்கிறேன்’ என்று ஒரு வரி இருப்பது தெரியாது. கீழே ரோச் கையெழுத்துப் போட்டிருந்தார். பிழையில்லாமல்.

அப்புறம் நிராகரிக்கப்பட்டவை. போன நான்கு மாதத்தில் ரோச் பெயரில் நாற்பத்தொரு போலி முயற்சி. தங்கபாண்டி பெயரில் அறுபத்து மூன்று. எல்லாம் ஆப்பிரிக்கக் கரையில் ஏதோ ஒரு துறைமுகத்திலுள்ள ஒரே போன் எண்ணிலிருந்து. கடைசிப் பயிற்சி வகுப்பில் இந்த நாற்பத்தொன்றைத் திரையில் போட்டுக் காட்டி, “என் வீட்டுக்காரர் பேருக்கே இவ்வளவு திருடங்க, பாத்துக்கோங்க” என்று பெருமையாகச் சொன்னவள் ஜெசிந்தா.

“அந்த அறுபத்து மூணுல என்ன பேசியிருக்காவன்னு கேக்கலாமா?” என்றாள் முத்துக்கனி.

“கேக்க முடியாது. நிராகரின்னா வைக்கிறதில்ல.”

“அடிச்சவனுக்காவது தெரியுமா, அழிச்சிட்டாவன்னு?”

“தெரியாது. சொன்னா திருடன் உஷாராயிருவான்ல. அவனுக்கு மணி அடிச்சிக்கிட்டே இருக்க மாதிரி கேக்கும்.”

முத்துக்கனி அவளையே பார்த்தாள். “அப்ப யாரும் எடுக்கலன்னு நெனப்பாவ.”

இந்த ஏற்பாட்டைச் சென்னையில் ஒரு நிபுணர் குழு வடிவமைத்தது. அதற்கு ஒரு பரிசும் வாங்கியது.

ஜெசிந்தா திருவாழியப்பனின் அறைக்குப் போனாள். இரண்டு களங்களை மட்டும், மூன்று நாளைக்கு, ‘விடு’ என்று மாற்ற அனுமதி கேட்டாள்.

“வெள்ளிக்கிழமை விழா,” என்றார் அவர், அதுதான் பதில் என்பதுபோல.

“தெரியும் சார்.”

“ரெண்டு களம் குறைஞ்சா நூறு சதவீதம்னு போட முடியாது. தொண்ணூத்தொம்பது புள்ளி தொண்ணூத்தொம்பதுன்னு போடணும். பேனர் அடிச்சாச்சும்மா.”

“சார், என் வீட்டுக்காரர் உண்மையிலேயே எங்க இருக்காருன்னு எனக்குத் தெரியல.”

“தினமும் மெசேஜ் வருதுல்ல? பச்சையாத்தான வருது?” திருவாழியப்பன் கனிவாகவே சொன்னார். “சனிக்கிழமை பாத்துக்கலாம். நீங்க கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க. முழங்கால் வலின்னு கேள்விப்பட்டேன்.”

ஜெசிந்தா தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். பத்தொன்பது வருஷச் சர்வீஸ். விளக்கம் கேட்டு ஒரு கடிதம்கூட வாங்கியதில்லை. இரண்டு களங்களையும் ‘விடு’ என்று மாற்றினாள். காரணம் என்ற கட்டத்தில் ‘தொழில்நுட்ப ஆய்வு’ என்று தட்டினாள். அரசாங்கத்தில் அந்த இரண்டு வார்த்தைக்குப் பின்னால் ஒரு கப்பலையே ஒளித்து வைக்கலாம்.

மறுநாள் முத்துக்கனி காலையிலேயே வந்துவிட்டாள். அன்றைக்கும் ஏழு பத்துக்கு இருவருக்கும் வணக்கம் வந்திருந்தது. கடல் அமைதியாக இருந்தது. பன்னிரண்டே முக்காலுக்கு, ஜெசிந்தா சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்த நேரத்தில், அவள் போன் சிவப்பாக மின்னியது. ‘எச்சரிக்கை: இவர் போலி.’

ஒலிபெருக்கியில் போட்டு எடுத்தாள்.

முதலில் காற்று இரைச்சல். அப்புறம் ஒரு கரகரத்த குரல். “ஏய்... எடுத்திட்டியா? சவத்து மூதி, நாப்பத்திரண்டு தடவ அடிச்சிருக்கேன்! எங்க போய்த் தொலைஞ்ச?”

ஜெசிந்தாவுக்கு அழுகை வந்துவிட்டது. நான்கு மாதமாகப் பச்சை முத்திரையோடு வந்த எந்த அன்பும் அவளை இப்படி உலுக்கியதில்லை.

“சொல்லுங்க. நான்தான். சொல்லுங்க.”

“எஞ்சின் போயி நாலு மாசமா நங்கூரத்துல கெடக்கோம். கம்பெனிக்காரன் சத்தமே இல்ல. கப்பல் போன்லாம் கட் பண்ணிட்டான். கரையில எறங்க விடமாட்டக்கான். துறைமுகத்துல சொன்னா, உங்க கம்பெனி எல்லாரும் நலம்னு எழுதியிருக்கு, முத்திர இருக்குங்கான். காய்கறிப் படகு ஒண்ணு வரும், அவன் போன்லதான் ஆளாளுக்கு அடிக்கோம். ஒருத்தன் வீட்லயும் எடுக்கல. அவனையே அவன் பேர்ல அடிக்கச் சொல்லி நாங்க வாங்கிப் பேசுனா, குரல் மாறுதுன்னு கட்டாவுது. கேக்குதா?”

“கேக்குது.”

“மழத்தண்ணியப் புடிச்சிக் குடிக்கோம். டாக்டர் இல்ல, மருந்து இல்ல. தங்கபாண்டின்னு ஒரு பையன், நம்ம ஊருதான். காய்ச்சல்ல கெடந்தான். போன திங்கக்கெழமைக்கு முந்தின திங்கக்கெழம போயிட்டான். அவன் வீட்டுக்கு எப்பிடியாவது ஆள் விட்டுச் சொல்லு, ஜெசி. அவ பேரு கனியோ என்னமோ.”

ஜெசிந்தா ஒலிபெருக்கியை அணைக்கக் கையை நீட்டியது, அவர் சொல்லி முடித்த பிறகுதான். முத்துக்கனி மேசை மேலிருந்த தன் போனைக் கையிலெடுத்து, அன்று காலை வந்த வணக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடலுக்குள் இறக்கி ஒன்பது நாள் ஆன ஒருவர் அவளுடைய முழங்காலை விசாரித்திருந்தார். மூன்று சோதனையிலும் தேறியிருந்தார்.

அவள் சத்தம் போட்டு அழவில்லை. “மத்த ஆளுவளக் கொண்டுவரணும்லா, மேடம்,” என்றாள், போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு. “எந்திரிங்க.”

கப்பல் துறை இயக்ககத்துக்கு ஜெசிந்தா அவசரக் கடிதம் அனுப்பினாள். நான்கு நிமிடத்தில் பதில் வந்தது. அரசாங்க வரலாற்றிலேயே அது ஒரு சாதனை. ‘கம்பெனி அனுப்பிய முத்திரையுள்ள சான்றின்படி ஊழியர் அனைவரும் நலம். தங்கள் தகவல் போலி என அடையாளம் காணப்பட்ட அழைப்பை ஆதாரமாகக் கொண்டது. நிராகரிக்கப்படுகிறது.’

நேருக்கு நேர் பேசுவதற்கு மட்டும் சட்டம் இன்னும் முத்திரை கேட்கவில்லை. அதற்கான திருத்தம் பரிசீலனையில் இருந்தது. ஆகவே, திருத்தம் வருவதற்குள், ஜெசிந்தாவும் முத்துக்கனியும் அந்தக் கப்பல்காரர்களின் வீடு வீடாகப் போனார்கள். திரேஸ்புரத்தில் நான்கு வீடு, மணப்பாட்டில் இரண்டு, வீரபாண்டியன்பட்டணத்தில் மூன்று. எல்லா வீட்டிலும் பெண்களின் முழங்கால்கள் நலம் விசாரிக்கப்பட்டிருந்தன. ஒரு வீட்டில், மெசேஜில் பேசுகிறவரே நன்றாக இருக்கிறார், அவரைக் கலைக்க வேண்டாமே என்று ஒரு பெண் தயங்கினாள். கொஞ்சம் யோசித்துவிட்டு அவளும் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

வியாழக்கிழமை துறைமுக அதிகாரி கேப்டன் அருள்வேந்தனின் அறைக்குள் பதினோரு பெண்கள் போய் நின்றார்கள். எழுதிக் கொடுங்கள் என்றார் அவர். எழுதினால் நிராகரிப்பார்கள், நாங்கள் நின்றுகொள்கிறோம் என்றாள் முத்துக்கனி. நின்றார்கள். மூன்று மணி நேரம் கழித்து, அவர் அறையில் யாரும் தூசி தட்டாத ஒரு பழைய ரேடியோ இருப்பது அவருக்கே ஞாபகம் வந்தது. கப்பலுக்குக் கப்பல் வெறும் குரலில் பேசிக்கொள்கிற ரேடியோ. அதற்கு முத்திரை போட வேண்டும் என்று எந்தக் குழுவுக்கும் தோன்றியிருக்கவில்லை.

அந்தக் கடல்பக்கம் போய்க்கொண்டிருந்த தூத்துக்குடிக் கப்பல் ஒன்றின் கேப்டனைக் கூப்பிட்டார். “போற வழியில ஒரு எட்டு பாத்துட்டுச் சொல்லுப்பா,” என்றார். கண்ணால் பார்ப்பது என்ற அந்தப் பழைய முறை, ஒரே பகலுக்குள் பலன் கொடுத்தது. துருப்பிடித்த கப்பல், மேல்தளத்தில் வரிசையாக வாளிகள், சட்டையைக் கழற்றி வீசிக்கொண்டிருந்த இருபத்திரண்டு பேர்.

ஒரு கேப்டன் கண்ணால் பார்த்ததை நிராகரிக்க இயக்ககத்திடம் படிவம் எதுவும் இல்லை. பதினெட்டு நாளில் ஊர் வந்து சேர்ந்தார்கள்.

விசாரணை நடந்தது. கம்பெனியில் யாரைப் பிடிப்பது என்று மும்பைக்குப் போன அதிகாரிகளுக்கு ஒரு பூட்டிய கதவுதான் கிடைத்தது. கம்பெனி திவாலாகி நாலரை மாதமாகியிருந்தது. முதலாளி வெளிநாடு, ஊழியர்கள் வேறு வேலை. குடும்ப நலச் செய்தி அனுப்பும் இயந்திரத்தை மட்டும் யாரும் அணைக்க நினைக்கவில்லை. அந்த அலுவலகத்தில் கடைசிவரை தவறாமல் வேலைக்கு வந்தது அது ஒன்றுதான். மனைவிகளின் முழங்காலை விசாரித்தது, துறைமுகத்துக்கு ஊழியர் நலம் என்று எழுதியது, இயக்ககம் கேட்டபோது சான்றும் கொடுத்தது. எல்லாவற்றிலும் முத்திரை சரியாக இருந்தது. ஆகவே போலிச் செய்தி எதுவும் அனுப்பப்படவில்லை என்று அறிக்கை முடிந்தது.

விதி மீறல் ஒன்றே ஒன்றுதான் கண்டுபிடிக்கப்பட்டது. அனுமதியில்லாமல் இரண்டு களங்களை ‘விடு’ என்று மாற்றியதற்காக ஜெசிந்தாவுக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. விருது திருநெல்வேலிக்குப் போனது. பேனரைத் திருவாழியப்பன் மடித்துத் தன் பீரோவில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவளிடம் அவர் முழங்காலைப் பற்றிக் கேட்கவில்லை.

ரோச் பதினான்கு கிலோ இளைத்து வந்திருந்தார். வந்த மறுநாளே மோட்டாரைக் கழற்றிப் போட்டுத் துடைத்தார். கேட்டதற்கெல்லாம் ஒற்றை வார்த்தையில் பதில். மூன்றாம் நாள் சட்டையை மாட்டிக்கொண்டு, “தங்கபாண்டி வீடு எங்க இருக்கு?” என்றார்.

ஜெசிந்தாதான் கூட்டிப் போனாள். முத்துக்கனி இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டாள். சுவரில் தங்கபாண்டியின் படம், புது மாலையோடு. ரோச் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவன் போன் அடிக்கையில நான்தான் பக்கத்துல நிப்பேன்,” என்றார் கடைசியில். “மணி அடிச்சிக்கிட்டே இருக்கும். அவன் பாட்டுக்குப் பேசுவான். எடுக்காத போன்ல என்னல பேசுதன்னு கேட்டா, பழக்கம் அண்ணேம்பான். அதான், சொல்லிட்டுப் போலாம்னு.”

முத்துக்கனி அவரை நிதானமாகப் பார்த்தாள். “அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. என் மனசு ஆறட்டும்னு நீங்களா நல்ல வார்த்த சொல்ல வேண்டாம். நாலு மாசமா நல்ல வார்த்த கேட்டு அலுத்துப்போச்சு. அவர் சொன்னதுதான்னு நான் எப்பிடி நம்பட்டும்?”

“நல்ல வார்த்தயா?” ரோச் திகைத்துப் போனார். “யம்மா, அவன் வஞ்சாம்மா. முத பத்து நாளும் வசவுதான். ‘செவிட்டுக் கழுத, அரிசி டின்னுக்குள்ள போனப் போட்டுட்டு அடுப்படியில நிப்பா. எத்தன மட்டம் சொல்லியிருக்கேன், தண்ணியில விழுந்தது அன்னைக்கே காஞ்சிட்டு, வெளிய எடுத்து வையின்னு. வச்சாளா பாருங்க அண்ணே.’ இதத்தான் சொல்லிக்கிட்டே இருப்பான். என்ன ஏதுன்னு எனக்கு வெளங்கல.”

முத்துக்கனி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பாகத்தான் ஆரம்பித்தது. பிறகு அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. ஜெசிந்தா எழுந்து போய் அவள் முதுகில் கை வைத்தாள். மூன்று வாரத்துக்கும் மேலாக வராத அழுகை அது, நிற்க நேரமானது.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முத்துக்கனி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“அவரேதான்,” என்றாள். “வேற என்னல்லாம் வஞ்சாரு? ஒண்ணு விடாமச் சொல்லுங்க அண்ணே.”

ரோச் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு முதல் நாளிலிருந்து ஆரம்பித்தார்.